பிந்திய மடலின் தடயம்: மின்னஞ்சற் பதிவேடுகளை வாசித்தல் பற்றி ஒரு குறிப்பு

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெற்செய்கை நடைபெறும் கிராமமொன்றைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், பட்டப்பின் படிப்புக்கான உதவித்தொகை ஒன்றுக்கு மின்னஞ்சல் மூலம் விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பங்கள் குறித்த நாளில் பிற்பகல் 5 மணிக்கு முன்னர் கிடைக்க வேண்டும் என்பது விதி. அவர் அனுப்பியது 4.21க்கு. "உமது விண்ணப்பம் 5.34க்கே கிடைத்தது, எனவே பரிசீலிக்க இயலாது" என்ற இரண்டு வரிப் பதில் மூன்று நாட்களின் பின் வந்தது. அதன்பின் அவர் தொலைபேசியில் விசாரித்தபோது, "கடைசி நேரத்தில் அனுப்பினால் இப்படித்தான்" என்று கூறப்பட்டதாம்.

அந்த மடலின் தடயத்தை நாம் தேடிச் சென்றதே இக்கட்டுரைக்கு உடனடிக் காரணம். இலக்கிய மாணவர்களாகிய எமக்குச் சேவையகங்களின் பதிவேடுகளுடன் என்ன அலுவல் என்று சிலர் கேட்கலாம். ஏட்டுச் சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கி, எந்தப் பிரதி எதிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது, எவ்விடத்தில் வழு புகுந்தது என்று காண்பது எமது துறையின் பழைய பயிற்சி. மின்னஞ்சலின் வழித்தடத்தை ஆராய்வதும் அத்தகைய ஒரு வாசிப்பே என்பதை நாம் செய்துபார்த்தபின்னரே உணர்ந்தோம்.

மின்னஞ்சல் அனுப்புநரின் கருவியிலிருந்து பெறுநரின் கருவிக்கு நேராகப் பாய்கின்றது என்ற எண்ணம் பரவலாகவுள்ளது. உண்மையில் அது பழைய தபாலைப் போன்று கைமாறிக் கைமாறியே செல்கின்றது. அனுப்புநரின் சேவையகம் அதனைப் பெற்றுச் சேமித்து அடுத்த சேவையகத்தைத் தேடி ஒப்படைக்கின்றது. அதுவும் அவ்வாறே செய்கின்றது. 1982இல் ஜோன் பொஸ்ரெல் வரைந்த விதிமுறையில் இம்முறை வகுக்கப்பட்டது. 2001இலும் 2008இலும் அது திருத்தி எழுதப்பட்டபோதும் அடிப்படை மாறவில்லை. இவ்விதிமுறையில் இரண்டு அம்சங்கள் எமக்கு முக்கியமானவை. முதலாவது, மடலைக் கையேற்கும் ஒவ்வொரு சேவையகமும் தன் பெயரையும், யாரிடமிருந்து பெற்றது என்பதையும், பெற்ற நேரத்தையும் ஒரு வரியாக மடலின் தலைப்பகுதியில் எழுதியாக வேண்டும். 'ரிசீவ்ட்' என்ற சொல்லுடன் தொடங்கும் இவ்வரிகளைச் சாதாரண வாசகர் காண்பதில்லை. மடலின் மூலவடிவத்தைக் காட்டுமாறு கேட்டாற் காணலாம். இரண்டாவது, மடல் முழுவதையும் பெற்றபின் ஒரு சேவையகம் '250' என்று விடையிறுத்துவிட்டால், அந்தக் கணத்திலிருந்து அம்மடலுக்கு அதுவே பொறுப்பு. ஒன்றில் சேர்ப்பிக்க வேண்டும், அன்றேல் சேர்ப்பிக்க இயலவில்லை என்று அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். பதிவுத் தபாலுக்குக் கந்தோரில் தரப்படும் பற்றுச்சீட்டு இதற்கு நிகரானது.

தபால் என்று கூறும்போது மன்னாரைச் சார்ந்தோருக்கு ஒரு நினைவு எழுவது இயல்பு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதன் பின் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிவரை புகையிரதமும், அங்கிருந்து தலைமன்னார்த் துறைவரை நீராவிக்கப்பலும், அங்கிருந்து கொழும்புவரை மீண்டும் புகையிரதமுமாக ஒரு தொடர் அமைந்தது. 'போட் மெயில்' என்று மக்கள் அதனை அழைத்தனர். பெயரே தபாலிலிருந்து வந்தது என்பது மனங்கொளத்தக்கது. தோட்டத் தொழிலாளரும் வணிகரும் புடைவைப் பொதிகளும் தமிழகத்துச் சஞ்சிகைகளும் அவ்வழியே வந்தன. ஒரு கடிதம் பிந்தினால் உறையைத் திருப்பிப் பார்ப்பது அக்கால வழக்கம். வழியிலுள்ள கந்தோர்கள் பின்புறத்தில் இட்ட திகதி முத்திரைகளை வரிசைப்படுத்தினால், கடிதம் எங்கே கிடந்தது என்பது தெரிந்துவிடும். 1964 திசெம்பர் 22ஆம் திகதி இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து இயங்கிய கப்பலும் 1980களில் போர்ச் சூழலில் நின்றது. 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015இலேயே மீண்டும் ஓடத் தொடங்கியது. இன்று இந்தியாவுடனான கடலடி இணைப்புகளுள் ஒன்றாகிய, 2006இல் அமைக்கப்பட்ட பாரத் - லங்கா வடம் தூத்துக்குடியிலிருந்து கல்கிசைக்குச் செல்கின்றது. மன்னார் வழியில் இல்லை. ஒருகாலத்து நுழைவாயில் இன்று வலைப்பின்னலின் கடைக்கோடி. மூலதனம் காலத்தைக்கொண்டு வெளியை அழிக்க முனைகின்றது என்று மார்க்ஸ் 1857-58ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில் விளக்கினார். அவ்வழிப்பு எல்லா இடங்களிலும் ஒரேயளவில் நிகழ்வதில்லை என்பதை மன்னார்க் கரையில் நின்று பார்ப்பவர் இலகுவில் அறிவர்.

இனி ஆசிரியையின் மடலுக்கு வருவோம். 'ரிசீவ்ட்' வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்படுகின்றன. ஆகவே மிகப் பழையது அடியிலும் மிகப் புதியது மேலேயும் இருக்கும். கீழிருந்து மேலாக வாசித்தல் வேண்டும். அவருடைய மடலில் நான்கு வரிகள் இருந்தன. மன்னாரிலுள்ள சிறிய சமூக நிறுவனமொன்றின் கணக்கிலிருந்து அவர் அனுப்பியிருந்தார். அடியிலிருந்த வரி, அந்நிறுவனத்தின் சேவையகம் 16:21:08க்கு மடலைக் கையேற்றதைக் கூறியது. அடுத்தது அச்சேவையகத்தினுள்ளேயே வைரசுச் சோதனை முடிந்து 16:21:40க்கு வரிசைக்கு வந்ததைக் கூறியது. மூன்றாவது, உதவித்தொகை வழங்கும் நிறுவனத்தின் வாயிற் சேவையகம் 17:38:01க்குப் பெற்றதைப் பதிந்திருந்தது. நான்காவது, அந்நிறுவனத்தின் உட்சேவையகம் 17:34:50க்குப் பெட்டியில் இட்டதாகக் கூறியது.

வாயிலைக் கடப்பதற்கு மூன்று நிமிடங்கள் முன்னதாகவே ஒரு மடல் பெட்டிக்குள் விழுந்துவிட்டதாம்! பழைய சாசனங்களில் மன்னனின் ஆட்சியாண்டுகள் முரண்படும்போது வரலாற்றாசிரியர் எதனைச் செய்வரோ அதனையே இங்கும் செய்ய வேண்டும். உட்சேவையகத்தின் கடிகாரம் குறைந்தது மூன்று நிமிடங்களேனும் பின்தங்கியிருந்தது என்பதே இதற்குரிய விளக்கம். எந்த நேரத்தை ஆதாரமாகக் காட்டி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதோ, அந்த 5.34 பிழையான கடிகாரத்தின் நேரம். அப்பிழை ஆசிரியைக்குப் பாதகமானதன்று என்பது உண்மைதான். ஆயினும் ஆதாரத்தின் தகைமை எத்தகையது என்பதை அது காட்டுகின்றது.

நேரங்களைப் பற்றி மேலும் ஒன்று கூறவேண்டும். ஒவ்வொரு வரியிலும் நேரத்துடன் அது உலகப் பொதுநேரத்திலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பதும் குறிக்கப்படும். இலங்கைக்கு அது +0530. வெளிநாட்டுச் சேவையகங்கள் பெரும்பாலும் +0000 என்று எழுதும். இதைக் கழித்துப் பார்க்காமல் ஐந்தரை மணிநேரத் தாமதம் என்று முறையிட்டோர் பலர். இந்நாட்டின் பழைய மடல்களை ஆராய்வோர்க்கு வேறொரு சிக்கலும் உண்டு. 1996 மே மாதத்தில் இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கப்பட்டு, 2006 ஏப்ரில் வரையும் +0600 ஆக நிலவியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ பழைய நேரமே வழங்கியது. ஒரே மாவட்டத்தில், ஒரு சோதனைச்சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் இருவேறு நேரங்கள் இருந்த காலம் அது. நேரம் என்பது இயற்கையின் கொடை மாத்திரமன்று, அதிகாரத்தின் ஏற்பாடும் ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தலைவரிகள் எமக்குக் கூறியது இவ்வளவே: 16:21:40க்கும் 17:38:01க்கும் இடையில், அதாவது ஒரு மணி 16 நிமிடம் 21 செக்கன், மடல் இரண்டு சேவையகங்களுக்கு இடையிற் சிக்கியிருந்தது. அந்த இடைவெளியில் நிகழ்ந்தது யாது என்பதைத் தலைவரிகள் கூறா. கந்தோர் முத்திரை கடிதம் வந்த நாளைக் கூறுமேயன்றி, அது வெளியே செல்லாமற் கிடந்ததற்கான காரணத்தைக் கூறாது. அதற்குக் கந்தோரின் உள்நாட்குறிப்பு வேண்டும். அதுவே சேவையகத்தின் பதிவேடு.

பதிவேட்டைப் பெறுவது எளிதன்று. பல லினக்ஸ் இயங்குதளங்களில் பதிவேடுகளை வாரந்தோறும் சுழற்றி நான்கு வாரங்களுக்கு மேற்பட்டவற்றை அழித்துவிடுவதே முன்னமைப்பு. முறைப்பாடு செய்யத் தயங்கி ஒரு மாதம் இருந்துவிட்டால் சான்று இல்லாதொழியும். மற்றொன்றையும் மறைக்கலாகாது. பதிவேட்டில் மடலின் உள்ளடக்கம் இராது. எனினும் யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது முழுவதும் இருக்கும். முப்பதாண்டுப் போரினூடாக வந்த சமூகமொன்றில் அத்தகைய ஏட்டைக் கேட்பதும் கொடுப்பதும் கள்ளங்கபடமற்ற செயலாகிவிடாது. ஆகவே குறித்த ஒரு மடலுக்குரிய வரிகளை மாத்திரம், ஆசிரியையின் எழுத்துமூல ஒப்புதலுடன் நாம் கோரினோம். மன்னார் நிறுவனம் அதற்கு இணங்கியது.

அச்சேவையகத்தில் இயங்கியது போஸ்ற்பிக்ஸ் என்ற மென்பொருள். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வீற்சே வெனிமா உருவாக்கி 1998இல் வெளியிட்டது. மூலநிரலுடன் எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. அதன் பதிவேடு ஒரு மடலைப் பற்றிய செய்திகளை ஒரே இடத்தில் எழுதுவதில்லை. பல செயலிகள் தத்தம் பங்கைத் தனித்தனி வரிகளில் எழுதுகின்றன. அவற்றிடையே நூறு மடல்களின் வரிகள் கலந்திருக்கும். அவற்றைக் கோப்பது வரிசை எண் என்ற ஓர் அடையாளம். மடலின் தலையிலுள்ள 'மெசேஜ்-ஐடி'யைக்கொண்டு ஒரு வரியைக் கண்டுபிடித்து, அவ்வரியிலுள்ள வரிசை எண்ணைக்கொண்டு ஏனைய வரிகளைத் திரட்ட வேண்டும். மேற்கோள்களாகச் சிதறிக்கிடக்கும் மறைந்த நூலொன்றின் செய்யுள்களை உரைகளிலிருந்து திரட்டியோர் இவ்வேலையின் சுவையை அறிவர்.

திரட்டியபோது, ஒப்படைக்க முயன்ற ஐந்து வரிகள் கிடைத்தன. 16:21:43, 16:27:58, 16:37:58, 16:57:58, 17:37:58. முதல் நான்கின் இறுதியிலும் 'டிபேர்ட்', அதாவது ஒத்திவைக்கப்பட்டது, என்ற சொல் இருந்தது. ஐந்தாவதில் 'சென்ற்', அனுப்பப்பட்டது. ஐந்தாவது வரியில் மொத்தத் தாமதம் 4581 செக்கன் என்றும், அதன் நான்கு கூறுகள் 4578, 0.1, 1.9, 1 என்றும் காணப்பட்டது. முதற்கூறு மடல் வந்ததிலிருந்து இறுதியாக ஒப்படைப்பு வரிசைக்குள் நுழையும் வரை கழிந்த நேரம். இரண்டாவது அங்கிருந்து இணைப்பைத் தொடங்கும் வரை. மூன்றாவது எதிர்ச் சேவையகத்தின் முகவரியைத் தேடி இணைப்பை ஏற்படுத்திய நேரம். நான்காவது மடலைக் கையளித்த நேரம்.

இவ்விடத்தில் அவசரப்படும் வாசகர் தவறிழைப்பார். 4578 செக்கன்கள் அனுப்புநரின் சேவையகத்திலேயே கழிந்தன. எனவே குற்றம் மன்னாரிலேயே என்று முடிவுகட்டுவார். உதவித்தொகை நிறுவனத்தின் தொழினுட்பப் பிரிவும் பின்னர் இதனையே கூறியது. தோற்றத்தைச் சாரமென்று கொள்ளும் தவறு இது. கட்டுக்கரைக் கமக்காரர் இத்தவறைச் செய்யமாட்டார். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துத் திருப்பிய நீர் குளத்தை அடைந்து, துருசுகளால் வாய்க்கால்களுக்கும் அங்கிருந்து கிளைவாய்க்கால்களுக்கும் செல்கின்றது. கடைசி வயலுக்கு நீர் எட்டவில்லையெனில் அவ்வயற்காரர் மண்வெட்டியுடன் வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடப்பார். நீர் தேங்கிநிற்கும் வயலின் சொந்தக்காரரோடு அவர் சண்டையிடுவதில்லை. நீர் எந்தப் பலகையால் மறிக்கப்பட்டதோ அந்தப் பலகையை இட்டவர் யார் என்றே கேட்பார். தேங்குமிடம் வேறு, தடுக்குமிடம் வேறு.

ஒத்திவைக்கப்பட்ட நான்கு வரிகளிலும் எதிர்ச் சேவையகம் கூறிய விடை அப்படியே பதியப்பட்டிருந்தது. எண் 451. விதிமுறையில் நான்கில் தொடங்கும் எண்கள் தற்காலிக மறுப்பு; ஐந்தில் தொடங்குபவை நிரந்தர மறுப்பு. தொடர்ந்த சொற்கள், அம்மடல் சாம்பற்பட்டியலில் இடப்பட்டுள்ளது, பின்னர் முயல்க என்றன.

சாம்பற்பட்டியல் என்பது 2003இல் இவான் ஹரிஸ் முன்வைத்த உத்தி. வேண்டாத விளம்பர மடல்களை அனுப்பும் நிரல்கள் மறுக்கப்பட்டால் மறுபடி முயல்வதில்லை. ஒழுங்கான சேவையகமோ காத்திருந்து மீண்டும் வரும். ஆகவே முன்னறியாத அனுப்புநர் எவரையும் முதன்முறை திருப்பியனுப்பிவிட்டு, குறித்த காலத்தின் பின் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றார் அவர். அவர் முன்மொழிந்த காலம் ஒரு மணித்தியாலம். ஒருமுறை கடந்துவிட்ட அனுப்புநர் பின்னர் தடையின்றி வரலாம். நடைமுறையில் பலர் அக்காலத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்துக்கொண்டனர். இந்நிறுவனமோ மூல முன்மொழிவையே வைத்திருந்தது என்று கொள்ளவேண்டியுள்ளது. 36 நிமிடங்களின் பின் வந்த நான்காவது முயற்சியும் மறுக்கப்பட்டு, ஒரு மணித்தியாலத்தைத் தாண்டிய ஐந்தாவது ஏற்கப்பட்டமை இதனோடு பொருந்துகின்றது. தோட்டங்களுக்குச் செல்லவிருந்தோரை மண்டபம் முகாமில் தடுத்துவைத்து நோயற்றவர் என்று கண்டபின் கப்பலேற்றிய காலனித்துவ ஏற்பாடு எமது நினைவுக்கு வந்தது. ஒப்புமையை மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆயினும் அறிமுகமற்றவர் ஐயத்துக்குரியவர் என்ற எடுகோள் இரண்டிற்கும் பொது. பெரும் நிறுவனங்களின் சேவையகங்கள் நாள்தோறும் மடல் அனுப்புவதால் அவை என்றோ அறிமுகமாகிவிட்டன. பலவற்றுக்கு முன்கூட்டியே விலக்கும் அளிக்கப்பட்டிருக்கும். மன்னாரிலிருந்து வாழ்க்கையில் முதன்முறையாக எழுதும் ஓர் ஆசிரியைக்கே அந்த ஒரு மணித்தியாலம் விதிக்கப்படுகின்றது. விதி எல்லோருக்கும் பொதுவானது; பாதிப்பு பொதுவானதன்று.

நீதி கருதி மறுபக்கத்தையும் கூறுவோம். முதன்முறை கதவைத் தட்டியது 16:21:43க்கு எனின், தடை 17:21:43க்கு நீங்கியிருக்கும். ஆனால் மடல் கடந்தது 17:38க்கு. எஞ்சிய 16 நிமிடங்கள் மன்னார்ச் சேவையகத்தின் நடத்தையால் விளைந்தவை. போஸ்ற்பிக்ஸ் ஒத்திவைத்த மடலைக் குறைந்தது 300 செக்கன் கழித்து மீண்டும் அனுப்ப முயலும். ஒவ்வொரு தோல்வியின் பின்னும், மடல் அதுவரை காத்திருந்த காலமளவு மேலும் காத்திருக்கும். மேலெல்லை 4000 செக்கன். தவிர, ஒத்திவைத்தவற்றை 300 செக்கனுக்கு ஒருமுறையே அது நோட்டமிடும். முயற்சிகளின் இடைவெளி ஏறத்தாழ 6, 10, 20, 40 நிமிடங்களாக விரிந்ததன் காரணம் இது. மறுத்தவரை அடிக்கடி தொல்லைப்படுத்தலாகாது என்ற நன்னடத்தையே இதன் நோக்கம். ஆக ஒரு மணித்தியாலம் பெறுநரின் விதியாலும், கால் மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமானது அனுப்புநரின் அடக்கத்தாலும் நேர்ந்தன. எனினும் 5 மணி என்ற எல்லையைப் பொறுத்தவரை இரண்டாவது பொருட்டன்று. 5 மணிக்கு முன்னர் நான்கு தடவை மடல் வாயிலிற் சென்று நின்றது. நான்கு தடவையும் பின்னர் வருமாறு பணிக்கப்பட்டது.

எல்லாத் தாமதங்களும் இவ்வகையின அல்ல. தொலைபேசியில் சைகை இல்லாமையால் மடல் கருவியை விட்டே நீங்காதிருத்தல் உண்டு; அனுப்புநர் எழுதிய திகதிக்கும் அடியிலுள்ள 'ரிசீவ்ட்' வரிக்கும் இடையிலான வேறுபாடு அதனைக் காட்டும். பெரிய இணைப்புகள் மடலிற் சேரும்போது அளவில் மூன்றிலொரு பங்கு பெருக்கும். அப்போது நான்காவது கூறு வீங்கும். முகவரிச் சேவை மந்தமானால் மூன்றாவது கூறு. மடல் பெட்டிக்குள் வந்துவிட்ட பின் பெறுநரின் கருவி அதை எடுக்கப் பிந்துவதும் உண்டு. அது அனுப்புநரைச் சாராது. இடைவழியிலுள்ள எவரும் தமக்குக் கீழுள்ள வரிகளைப் பொய்யாகப் புனைந்திருக்கவும் கூடும் ஆதலால், நாம் நம்பும் சேவையகம் எழுதிய வரிகளையே உறுதியாகக் கொள்ள வேண்டும்.

"ஏன் கடைசி நேரத்தில்?" என்ற வினா எஞ்சுகின்றது. அதற்கும் விடை தேடினோம். விண்ணப்பத்துடன் சேவைச் சான்றிதழ் இணைக்கப்படல் வேண்டும். அதில் ஒப்பமிட வேண்டிய அலுவலர் அவ்வாரத்தில் இரண்டு நாட்களே கந்தோரில் இருந்தார். ஆசிரியை அன்று மூன்றாம் பாடவேளைக்குப் பின் விடுப்புப் பெற்று, பேருந்தில் மன்னார் நகருக்குச் சென்று, ஒப்பம் பெற்று, நகலெடுக்கும் கடையில் அதனை ஒளிப்பிரதி செய்தபோது மாலை 4 மணி. தலைநகரில் அதே விண்ணப்பத்தை அனுப்பியவருக்கு இவற்றுள் எதுவும் நேர்ந்திராது. மையத்திலிருந்து தொலைவில் வாழ்வோரின் நேரம் முன்னரேயே பல கைகளால் செலவிடப்பட்டுவிடுகின்றது. எஞ்சுவதே அவர்களது 'கடைசி நேரம்'. பதிவேட்டில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

1990களின் முற்பகுதியில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக்கொண்ட 'லேர்ன்' வலைப்பின்னல் கல்வியாளர்க்கு மின்னஞ்சலை அறிமுகப்படுத்தியபோது, மடல்கள் சேர்த்துவைக்கப்பட்டுத் தொலைபேசி இணைப்பின்வழி தொகுதியாக அனுப்பப்பட்டன. சில மணிநேரத் தாமதம் அன்று இயல்பு. ஆதலால் எவரும் மின்னஞ்சலுக்கு நிமிடக்கணக்கில் எல்லை விதிக்கவில்லை. வேகம் கூடியதும் எல்லை நிமிடத்துக்கு வந்தது. ஆனால் விதிமுறையோ இன்றும் காத்திருத்தலையே அடிப்படையாகக் கொண்டது. ஒத்திவைக்கப்பட்ட மடலை நான்கைந்து நாட்களேனும் கைவிடாது முயலுமாறு அது சேவையகங்களுக்குக் கூறுகின்றது. தொழினுட்பம் நாட்கணக்கிற் பொறுமை காட்ட, நிருவாகம் நிமிடக்கணக்கில் நிராகரிக்கின்றது.

ஐந்து வரிகளையும் நான்கு தலைவரிகளையும் ஒரு தாளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் விளக்கமெழுதி, ஆசிரியை கையொப்பமிட்டு அந்நிறுவனத்துக்கு அனுப்பினார். இம்முறை பதிவுத் தபாலில். பதில் வர ஐந்து வாரங்கள் சென்றன. அவ்வாண்டின் தெரிவு முடிந்துவிட்டதென்றும், அடுத்த ஆண்டில் விண்ணப்பிக்கலாமென்றும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டின் அறிவித்தலில் 'கிடைக்க வேண்டும்' என்பது 'அனுப்பப்பட்டிருத்தல் வேண்டும்' என்று மாற்றப்பட்டிருந்தது. வயதெல்லை மாற்றப்படவில்லை. அந்த மே மாதத்தில் ஆசிரியை அவ்வெல்லையைக் கடந்திருந்தார்.